குடிக்கூலிக்கு ஒரு மாடி

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த நம் பெரியவர்கள், இரண்டையும் அடுத்தடுத்த வருஷங்களில் செய்து பார் என்று சொல்லவில்லை. "அந்த வீட்டிலேயே இரண்டு குடித்தனம் வைத்துப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கவில்லை. இப்போதோ, இருபத்தைந்து முப்பது வயதுப் பிள்ளை மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கும் வீடுகளில் இந்த மூன்றும் ஒன்றாகவே பேச்சுக்கு வருகின்றன. "கட்டுவதே கட்டுகிறோம், மேலே இரண்டு போர்ஷன் எழுப்பிவிட்டால், வருகிற வாடகை கடனை அடைத்துக்கொண்டு போகாதா?" என்று தகப்பனார் கேட்கிறார். பிள்ளைக்கும் அது நியாயமாகவே தோன்றுகிறது. காகிதமும் பேனாவும் வருகின்றன. அன்று இரவு அந்த வீட்டில் ஒருவரும் தூங்குவதில்லை.

மதுரைக்குக் கிழக்கே, மேலூர் வட்டத்தில் இருக்கும் திருவாதவூரில் நின்றுகொண்டு இந்த விஷயத்தை யோசிப்பது பொருத்தமாக இருக்கும். திருமறைநாதர் கோயில் கொண்டிருக்கும் இவ்வூர்தான் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். இளம் வயதிலேயே அரிமர்த்தன பாண்டியனுக்கு அமைச்சராகி, தென்னவன் பிரமராயன் என்ற பட்டமும் பெற்றவர் அவர். குதிரை வாங்கி வரும்படி அரசன் கொடுத்தனுப்பிய பொன்னோடு புறப்பட்டவர், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். பொன் முழுவதும் கோயில் திருப்பணிக்குப் போயிற்று. குதிரைகள் எங்கே என்று அரசன் கேட்டான். பிறகு நடந்தவை வாசகர்கள் அறியாதவை அல்ல. நரி பரியாயிற்று, அன்றிரவே பரி நரியாயிற்று, வைகை கரை புரண்டது, வந்திக் கிழவியின் பிட்டுக்காகச் சோமசுந்தரக் கடவுளே மண் சுமந்து பிரம்படியும் பட்டார்.

வாதவூரர் பிறர் பணத்தில் கட்டியது ஆண்டவனுக்காக. ஆகவே ஆண்டவனே வந்து கணக்கைத் தீர்த்து வைத்தான். நம் வீட்டுப் பிள்ளை கட்டப் போவதோ தனக்கும் இரண்டு குடித்தனக்காரர்களுக்கும். தவணைத் தேதியன்று நரியைப் பரியாக்கிக் கொடுக்க யாரும் வரப் போவதில்லை. வங்கிக்காரர்களுக்கு அரிமர்த்தன பாண்டியனைக் காட்டிலும் ஞாபகசக்தி அதிகம். எனவே கணக்கை முன்னதாகவே நாம் போட்டுப் பார்த்துவிடலாம்.

பிள்ளைக்கு வயது 28, சம்பளம் மாதம் ரூ. 45,000 என்று வைத்துக்கொள்வோம். மனை சொந்தமாக இருக்கிறது. தான் குடியிருக்கக் கீழ்த்தளம் மட்டும் கட்ட 20 லட்சம் கடன் வாங்கினால், நூற்றுக்கு 9 வட்டியில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய ரூ. 18,000. மேலே இரண்டு போர்ஷன்களும் எழுப்ப மேற்கொண்டு 15 லட்சம் வாங்கினால், அதற்கு ரூ. 13,500. ஆக மொத்தம் ரூ. 31,500. அதாவது, சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு முதல் தேதியே போய்விடும்.

"வாடகை வருகிறதே!" என்பார்கள். வரட்டும். போர்ஷனுக்கு ரூ. 6,000 வீதம் மாதம் 12,000, வருஷத்துக்கு ரூ. 1,44,000. ஆனால் ஒரு குடித்தனம் காலி செய்து இன்னொரு குடித்தனம் வருவதற்குள் வருஷத்தில் ஒன்றரை மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும் என்று வைத்தால், அதில் ரூ. 18,000 போயிற்று. வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது, குழாய்க் கசிவு, வீட்டு வரி ஆகியவற்றுக்கு ரூ. 14,000 என்று வைப்போம். கைக்கு நிற்பது ரூ. 1,12,000. மாடிக்காக வங்கிக்குக் கட்ட வேண்டியதோ ரூ. 1,62,000. வருஷத்துக்கு ஐம்பதினாயிரம் கைப்பொறுப்பு! கடனை வாடகை அடைக்கும் என்ற பேச்சு இந்த இடத்தில் சற்றுத் தடுமாறுகிறது. தவிர, முதல் மாதம் கட்டும் அந்தப் 13,500 ரூபாயில் அசலில் கழிவது சுமார் ரூ. 2,250 மட்டுமே, மிகுதியெல்லாம் வட்டி.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, கணக்கின் மறுபாதியையும் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. தவணை பெரும்பாலும் அப்படியே நிற்க, வாடகை வருஷா வருஷம் ஏறும். நிகர வாடகை வருஷத்துக்கு நூற்றுக்கு 5 வீதம் உயர்ந்தால், ஒன்பதாவது வருஷத்தில் அது தவணையை எட்டிப் பிடிக்கிறது. அதுவரை கையிலிருந்து போட்டது ஏறக்குறைய இரண்டேகால் லட்சம். அதற்குப் பிறகு மாடி தன் கடனைத் தானே சுமக்கிறது. இருபது வருஷம் முடிந்து கடன் தீரும்போது பிள்ளைக்கு வயது 48. மாடியிலிருந்து மாதம் இருபத்தையாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். பையன் கல்லூரிக்குப் போகும் வயது, பெண்ணுக்குக் கலியாணம் பேசும் வயது அன்றோ அது! இதையே 40 வயதில் தொடங்கினால் கடன் தீர 60 ஆகிவிடும். இளமையில் கட்டுவதற்கு இருக்கும் உண்மையான வாதம் இதுதான். "வாடகை கடனை அடைக்கும்" என்பதல்ல வாதம். "ஒன்பது வருஷம் பொறுத்துக்கொள்ள நம்மிடம் காலம் இருக்கிறது" என்பதே.

காலம் இருக்கிறது, சரி. குடித்தனக்காரர் இருக்கிறாரா?

இந்தக் கேள்வியை ஒருவரும் முதலில் கேட்பதில்லை. மனை இருக்கும் இடத்திலேயே மாடி எழும்ப வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். மதுரையிலிருந்து மேலூர் போகும் ரஸ்தாவைப் பாருங்கள். மாட்டுத்தாவணியில் பெரிய பஸ் நிலையம் வந்தது. 2004-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உலகனேரியில் திறக்கப்பட்டது. ஒத்தக்கடையில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி நடக்கிறது. வக்கீல்கள், குமாஸ்தாக்கள், மாணவர்கள், உத்தியோகஸ்தர்கள் என்று இவ்வளவு பேரும் எங்கேயாவது குடியிருக்க வேண்டுமல்லவா? அந்த ரஸ்தாவை ஒட்டி ஒருவன் இரண்டு போர்ஷன் கட்டினால் அதில் அர்த்தம் இருக்கிறது. அங்கிருந்து உள்ளே தள்ளி, வயலும் கண்மாயும் சூழ்ந்த திருவாதவூரில், தாத்தா விட்டுச் சென்ற மனையில் அதே இரண்டு போர்ஷனைக் கட்டினால் யார் வருவார்கள்? பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், வங்கி உத்தியோகஸ்தர் ஒருவர் வரலாம். அவர்களுக்கும் மாற்றல் உத்தரவு வரும். ஊர்க்காரர்களுக்கோ ஊரில் சொந்த வீடு உண்டு. கிராமத்தில் ஒரு வாடகை வீடு காலியானால் ஒன்றரை மாதத்தில் நிரம்பும் என்று மேலே நாம் போட்ட கணக்கு அங்கே செல்லாது.

மதுரைப் பட்டணமோ குடிக்கூலிக்குப் பழகிய ஊர். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடிக்கச் செய்து அகழியைத் தூர்த்தபோது, இடித்தவர்களுக்கே அந்த இடத்தைக் கொடுத்தார். வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அப்படித் தோன்றியவையே. பிறகு ஆலைகள் வந்தன, ஆலைத் தொழிலாளர்கள் வந்தார்கள், வளவுகள் பெருகின. வளவு என்றால் மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்: நடுவே ஒரு நடை, இரு பக்கமும் ஓர் அறை, ஒரு அடுப்படி என்று வரிசையாகக் குடித்தனங்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். சென்னையில் இதற்கு ஒண்டுக் குடித்தனம் என்று பெயர். வளவுக்காரர்கள் பெரிய பணக்காரர்கள் அல்லர். ஒரு கோடியில் தாங்கள் குடியிருந்துகொண்டு, மற்ற அறைகளின் கூலியில் பெண்ணைக் கட்டிக் கொடுத்து, பிள்ளையைப் படிக்க வைத்தவர்களே அவர்களில் அதிகம்.

இந்த ஏற்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்து ஆலை நகரங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி தொடங்கி 1920கள் வரை, மூன்று தட்டு மர வீடுகளை ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளர்கள் ஒரு தட்டில் தாங்கள் வசித்துக்கொண்டு மற்ற இரண்டையும் வாடகைக்கு விட்டார்கள். கையில் அதிகப் பணமில்லாதவர்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்களாக ஆனதற்கு அது ஒரு நல்ல வழியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சங்கடம் அதற்குள் ஒளிந்திருந்தது. மேல் தட்டில் குடியிருப்பவன் போகும் அதே ஆலைக்குத்தான் வீட்டுக்காரனும் போவான். ஆலை மூடினால் வீட்டுக்காரனுக்குச் சம்பளமும் போயிற்று. அதே வாரத்தில் வாடகையும் நின்றது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்தத் தேசம் முழுவதும் லட்சக்கணக்கான வீடுகள் கடனுக்காகப் பறிபோயின.

நம் கண் முன்னாலேயே 2020-ல் இதன் சாயலைக் கண்டோம். மார்ச்சு மாதக் கடைசியில் ஊரடங்கு வந்ததும் கல்லூரிகள் மூடின. மாணவர்கள் ஊருக்குப் போனார்கள். கல்லூரியை நம்பிக் கட்டிய மாடிகள் காலியாயின. அவ்வாறு கட்டியவருக்கும் அந்த மாதம் பாதிச் சம்பளமே வந்திருந்தால் அவர் என்ன செய்வார்?

மேலூர்ப் பக்கத்து விவசாயிக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியாற்று அணை 1895-ல் முடிந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிய பிறகும், கள்ளந்திரி வரை இருபோகம், அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்றே ஏற்பட்டது. அணையில் நீர் இருந்தால் கால்வாயில் வரும். இல்லாத வருஷம் வராது. வாய்க்கால் தண்ணீரை நம்பி நாற்றுப் பாவுகிறவன் எத்தனை ஏக்கருக்குப் பாவுவது, எவ்வளவு கடன் வாங்குவது என்பதைத் தண்ணீர் வராத வருஷத்தை மனத்தில் வைத்தே தீர்மானிக்கிறான். வாடகை வருமானமும் வாய்க்கால் தண்ணீரே. இதைக் கிணற்றுத் தண்ணீராக நினைத்துக் கடன் வாங்குவதுதான் ஆபத்து.

ஆகவே நம் அபிப்பிராயத்தைக் கூசாமல் சொல்லிவிடுகிறோம். மாடி ஆறு மாதம் காலியாகக் கிடந்தாலும் கடன் முழுவதற்கும் தவணை கட்டச் சொந்தச் சம்பளம் போதுமானால், இளமையிலேயே கட்டலாம், கட்டுவது நல்லதும்கூட. வாடகை வந்தால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலை இருந்தால், மாடி இப்போது வேண்டாம். கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கிறார்கள் என்றால், ஒருவர் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். குழந்தை பிறந்தால் சில காலமாவது ஒரு சம்பளம் நிற்கக்கூடும் என்பதை மாப்பிள்ளைகள் மறந்தாலும் மாமியார்கள் மறப்பதில்லை. வட்டியும் நின்ற இடத்தில் நிற்பதன்று. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை இரண்டரை சதவீதம் உயர்த்தியது. 35 லட்சம் கடனுக்கு 7 சதவீதத்தில் தவணை ரூ. 27,100 என்றால், ஒன்பதரையில் அது ரூ. 32,600. தவணையை உயர்த்தாமல் வருஷங்களை நீட்டிவிடுவது வங்கிகளின் வழக்கம். சுமை தெரியாது, 48 வயதில் தீர வேண்டிய கடன் ஓசையில்லாமல் ஐம்பதைத் தாண்டிப் போய்விடும்.

பணம் போதவில்லை என்றால் மதுரையில் உடனே ஒரு யோசனை சொல்வார்கள்: "ஒத்திக்கு விட்டுவிடுங்களேன்!" வாடகை கிடையாது, குடித்தனக்காரர் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருஷம் குடியிருப்பார், போகும்போது அத்தொகையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேறு ஊர்களில் போக்கியம் என்று சொல்வது இதைத்தான். கட்டுமானம் பாதியில் நிற்கும்போது நான்கு லட்சம் ரூபாய் வட்டியில்லாமல் வருகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அது வட்டியில்லாப் பணமா? மாதம் ரூ. 6,000 வாடகைக்குப் போகக்கூடிய போர்ஷனை நான்கு லட்சத்துக்கு ஒத்தியாகக் கொடுத்தால், வருஷத்தில் 72,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறோம். நூற்றுக்குப் பதினெட்டு வட்டி! வங்கியில் ஒன்பதுக்குக் கிடைப்பதைப் பதினெட்டுக்கு வாங்கிவிட்டு, வட்டியில்லை என்று சந்தோஷப்படுகிறோம். அதைவிடப் பெரிய தொல்லை, வாங்கிய பணம் சிமெண்டாகவும் கம்பியாகவும் மாறிவிட்டிருப்பது. குடித்தனக்காரர், "பெண்ணுக்குக் கலியாணம், பணத்தைக் கொடுங்கள்" என்று வந்து நின்றால், அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தாலொழியக் கொடுக்க வழியில்லை. ஒருவர் பணத்தை வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்துக்கொண்டே வருஷங்கள் ஓடும். வட்டிக் கணக்கில் சரியாக அமைந்து, பணமும் வங்கியில் பத்திரமாக இருந்தால் ஒத்தி தவறன்று. கட்டுமானத்துக்கு மட்டும் அந்தப் பணத்தைத் தொடலாகாது என்பது நம் கட்சி.

சட்ட விஷயத்தில் இந்தத் தலைமுறைக்குச் சற்று அதிர்ஷ்டம் உண்டு. யுத்த காலத்து வீட்டுப் பஞ்சத்தில் பிறந்த வாடகைக் கட்டுப்பாடு 1946, 1949, 1960 ஆகிய வருஷங்களின் சட்டங்களாக நீடித்தது. அந்த நாளில் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போன வீட்டுக்காரர்களில் சிலர் தீர்ப்பைத் தம் பேரன் கையில் விட்டுப் போனார்கள். 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிராவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. உறவுக்காரர் சொன்னார், தெரிந்தவர் அனுப்பினார் என்று வாய்ப் பேச்சில் சாவியைக் கொடுத்துவிடுவது இன்னும் நம்மிடையே இருக்கிறது. அதை விட்டுவிடுவது இரு தரத்தாருக்கும் நல்லது. போர்ஷன் ஒவ்வொன்றுக்கும் தனி மின்சார மீட்டர் வைத்துவிட்டால் பாதிச் சண்டை பிறக்காமலே போகும். குடித்தனம் கேட்டு வருகிறவரிடம் முதலில் வேலையைக் கேளாமல் ஜாதியைக் கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். வங்கிக் கடனை வாங்கும்போது அந்தப் பணம் எந்த ஜாதிக்காரர் போட்ட டெபாசிட் என்று இவர்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை.

இனி, தாத்தா விட்டுச் சென்ற மனையைப் பற்றி ஒரு வார்த்தை. "மனை சொந்தம்" என்று மேலே எளிதாக எழுதிவிட்டோம். கிராமத்தில் அது அவ்வளவு எளிதன்று. பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும். அல்லது பெரியப்பா, சித்தப்பா எல்லோருடைய பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் இந்தியா முழுவதும், பூர்விகச் சொத்தில் பெண்மக்களுக்கும் சம பங்கு ஏற்பட்டிருக்கிறது. அத்தையின் கையெழுத்து இல்லாமல் எழுந்த மாடிக்கு அத்தை பிள்ளைகளும் ஒரு நாள் பங்கு கேட்பார்கள். கேட்பது நியாயமும் ஆகும். பாகப் பத்திரம் பதிவாகும் வரையில் ஒரு செங்கல்லும் வைக்கலாகாது. புது மனை வாங்குவதானால், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016-ல் உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது எத்தனை குடும்பங்கள் திகைத்து நின்றன என்பதை நினைத்துக்கொண்டு பத்திரத்தைப் பார்க்க வேண்டும். கட்டட அனுமதிதான் முன்னைவிடச் சுலபமாகியிருக்கிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கீழ்த்தளமும் முதல் மாடியுமாக வீடு கட்டுவோர் தாமே உறுதிமொழி கொடுத்து இணையத்தில் அனுமதி பெறலாம்.

சம்பளம் இப்போது போதவில்லை, ஆனால் மாடி ஆசையும் விடவில்லை என்றால் என்ன செய்வது? நம் ஊர்க் கொத்தனார்கள் வெகு காலமாக அறிந்த வழி ஒன்று இருக்கிறது. கீழ்த்தளத்தை மட்டும் இப்போது கட்டுவது. அஸ்திவாரத்தையும் தூண்களையும் மாடிக்கும் சேர்த்துப் போடுவது. இதற்குக் கூடுதலாக ஆகும் செலவு மாடிச் செலவில் சிறு பங்கே. பஸ்ஸில் போகும்போது மொட்டை மாடிகளில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருப்பதைக் காண்கிறோமே, அவை எல்லாம் என்றோ எழும்பப் போகும் போர்ஷன்கள். ஆனால் அந்தக் கம்பிகளை மழையிலும் வெயிலிலும் பத்து வருஷம் அப்படியே விட்டால் துரு ஏறி உபயோகமற்றுப் போகும். சிமெண்டுக் கலவை கொண்டு மூடி வைக்கும்படி மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும். அவராகச் செய்வார் என்று இருக்கலாகாது.

படிக்கட்டை வீட்டுக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்துவிட்டால், பிற்காலத்தில் மாடிக்கு வரும் குடித்தனக்காரர் தினமும் உங்கள் கூடத்தைக் கடந்துதான் ஏற வேண்டும்; அப்புறம் இடித்துக் கட்டுவதற்குள் ஒரு லட்சம் கரைந்துவிடும். மலத் தொட்டியை மூன்று குடித்தனத்துக்குப் போதுமான அளவில் இப்போதே தோண்டிவிடுங்கள். மாடி வந்த பிறகு அதைத் தோண்ட இடம் இருக்காது.